கல்லறையும் வாய்மையும்

பிறந்த நாட்டின் மீது பற்றுக் கொள்ளுதல் நன்று. வாய்மை காத்தல் அதனினும் நன்று. இவ்விரண்டும் ஓரிடத்தில் முரண்படுவதாகத் தோன்றினால் அறிவுடையோர் எதனைக் கைக்கொள்வர்? இவ்வினாவை ஓர் எடுத்துக்காட்டின் வாயிலாக ஆராய்வோம்.

இடைக்கால இலக்கியத்தில் ஆழ்ந்த புலமை பெற்ற அம்மையார் ஒருவர், தாம் பிறந்த வேல்ஸ் நாட்டின் பண்பாட்டுச் சிறப்பை அயல்நாட்டு விருந்தினர்க்கு நடைப்பயணமாக அழைத்துச் சென்று காட்டுகிறார் என்று கொள்வோம். அந்நாட்டின் வடபகுதியில், எரரி மலைகளுக்கிடையே, கிளாஸ்லின், கோல்வின் என்னும் இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் பெத்கெலர்ட் என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்து ஆற்றங்கரையோடு சிறிது தொலைவு நடந்தால், மரநிழலில் ஒரு கல்லறையைக் காணலாம். அங்கே வேல்ஸ் மொழியிலும் ஆங்கிலத்திலும் ஒரு கதை கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது.

13ஆம் நூற்றாண்டில் அப்பகுதியை ஆண்ட லெவெலின் என்னும் அரசன் ஒருநாள் வேட்டையாடித் திரும்பினான். அவனுடைய நாய் கெலெர்ட், வாயெல்லாம் குருதியாக வாலைக் குழைத்துக்கொண்டு எதிரே ஓடி வந்தது. உள்ளே குழந்தையின் தொட்டில் கவிழ்ந்து கிடந்தது. நாயே குழந்தையைக் கொன்றது என்று எண்ணிய அரசன் அக்கணமே வாளை அதன் உடலில் பாய்ச்சினான். நாயின் இறுதி ஓலத்திற்கு மறுமொழியாகக் குழந்தையின் அழுகுரல் கேட்டது. தொட்டிலின் அடியில் குழந்தை நலமாக இருந்தது. அருகே அந்நாயால் கொல்லப்பட்ட ஓநாய் கிடந்தது.

இதைப் படிக்கும் விருந்தினர் சிலர் கண் கலங்குகின்றனர். அம்மையார் அறிந்ததோ வேறு. ஊரின் பெயர் பண்டைக்காலத்துக் கிறித்தவத் துறவி ஒருவரின் பெயரிலிருந்து வந்திருக்கலாம் என்பது அறிஞர் கருத்து. இக்கல்லறை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், பயணிகளை ஈர்க்கும் பொருட்டு அவ்வூர் விடுதிக்காரர் ஒருவரால் அமைக்கப்பட்டது என்பர். கதையோ அதனினும் மிகப் பழையது. ஏழு ஞானியரின் கதைத் தொகுதி வேல்ஸ் மொழியில் 14ஆம் நூற்றாண்டிலேயே எழுதப்பெற்றிருந்தது. அதில் பாம்பினிடமிருந்து குழந்தையைக் காத்த வேட்டைநாயின் கதை உண்டு. அதன் மூலத்தைத் தேடிச் சென்றால் நம் பஞ்சதந்திரத்துக் கீரிப்பிள்ளையின் கதையை அடைகிறோம். கி.பி. 1199இல் பூர்ணபத்திரர் என்னும் சைன முனிவர் தொகுத்த பஞ்சதந்திரத்திலும் அக்கீரிப்பிள்ளை இடம்பெற்றுள்ளது.

அம்மையார் இப்பொழுது என் செய்வார்? நாட்டின் பெருமை குன்றுமே என்று வாய் மூடி இருப்பதா? அன்றி, “இது வெறும் பொய்” என்று கூறிக் கண்ணீரை எள்ளி நகையாடுவதா?

என் வாழ்விலும் இவ்வினா ஒருமுறை எழுந்தது. ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியேற்ற முதலாண்டில், கீரிப்பிள்ளையின் கதையைச் சிறுவர்க்குக் கூறினேன். வகுப்பு முழுவதும் அமைதியில் ஆழ்ந்தது. ஒரு சிறுமி எழுந்து, “இது மெய்யாகவே நடந்ததா, டீச்சர்?” என்று கேட்டாள். அந்த அமைதி கலைந்துவிடக் கூடாதே என்று, “ஆம்” என்றேன். ஐம்பதாண்டுகள் கழிந்த பின்னும் அந்த ஒரு சொல் என்னை உறுத்துகிறது. அவள் கதையின் மீது ஐயுறவில்லை. என்னை நம்பிக் கேட்டாள்.

அக்கதை உணர்த்தும் நீதி யாது? ஆராயாமல் துணியாதே என்பதன்றோ? அவ்வாறிருக்க, ஆராயாமல் நம்புக என்று அதனையே பிறர்க்குக் கூறுவது எங்ஙனம் பொருந்தும்? அரசன் குருதியை மட்டும் கண்டான். தொட்டிலைப் புரட்டிப் பார்த்திலன். கல்லெழுத்தை மட்டும் கண்டு நிறைவடைபவரும் தொட்டிலைப் புரட்டாதவரே. “பொய்” என்று ஒரே சொல்லில் தள்ளுபவரும் அத்தகையவரே. அப்பழங்கதையினுள் உயிரோடிருக்கும் உண்மையை அவர் காண்பதில்லை.

ஆகவே அம்மையார் முதலில் விருந்தினரை அழவிடட்டும். அக்கண்ணீர் பொய்யன்று, குற்றமற்ற உயிரொன்று அவசரத்தால் மாய்ந்ததற்கு மனித உள்ளம் செலுத்தும் கடன் அது. பின்பு, திரும்பி நடக்கும் வழியில், கதை வந்த நெடுவழியை அவர் அமைதியாக எடுத்துரைக்கட்டும். அதனால் வேல்ஸ் நாட்டின் பெருமை குன்றாது. தொலைநாட்டுக் கதையொன்றைத் தன் மண்ணின் கதையாகவே போற்றிய மக்கள் என்னும் புகழே மிஞ்சும். பிற உயிர்க்கு ஊறு செய்யாத சொல்லே வாய்மை என்று கற்றவர் நாம். அதற்காக வாய்மையைக் கைவிட வேண்டுவதில்லை. அதனைக் கூறும் காலத்தையும் முறையையும் அறிந்தால் போதும்.

நம் ஊர்க் கோயில்களையும் குன்றுகளையும் பேரக் குழந்தைகளுக்குக் காட்டும் நமக்கும் இக்கடமை உண்டு. “மெய்யாகவே நடந்ததா?” என்று குழந்தை கேட்குமாயின், அறிந்ததை அறிந்தவாறே கூறுவோமாக.