தெரியாது என்று சொல்லாத இயந்திரம்

மேற்படிப்பில் இரண்டாம் வருடம். ஒலியைப் போல 25 மடங்கு வேகத்தில் வளிமண்டலத்துக்குள் நுழையும் ஒரு கலத்தைச் சுற்றிக் காற்று எப்படி ஓடும் என்று கணினியில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்று நாள் ஓடி முடிந்தது. சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வழவழப்பான படம் வந்தது. பெருமையாக என் வழிகாட்டியிடம் நீட்டினேன். அவர் படத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "உன் செல் எவ்வளவு பெருசுப்பா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு வாயடைத்துப்போனது.

ஏன் என்று சொல்கிறேன். கடல் மட்டத்தில் ஒரு காற்று மூலக்கூறு இன்னொன்றின் மேல் மோதாமல் போகக்கூடிய தூரம் சராசரியாக 70 நானோமீட்டர்தான். அவ்வளவு நெரிசல் இருப்பதால் காற்றைத் தண்ணீர் மாதிரி ஒரே ஓட்டமாக நினைத்துச் சமன்பாடு எழுதலாம். 100 கிலோமீட்டர் உயரத்தில் அதே தூரம் சுமார் 10 சென்டிமீட்டர். அங்கே காற்று ஓட்டமில்லை, தனித்தனி மூலக்கூறுகளின் கூட்டம். பழைய சமன்பாடு அங்கே செல்லாது.

ஆஸ்திரேலியாவின் கிரேம் பேர்ட் 1963-இல் இதற்கு ஒரு வழி சொன்னார். எல்லா மூலக்கூறையும் எண்ண முடியாது. ஆகவே கோடானுகோடி மூலக்கூறுகளுக்கு ஒரு துகளைப் பிரதிநிதியாக வை. வெளியைச் சிறு கட்டங்களாக, அதாவது செல்களாகப் பிரி. ஒரே செல்லில் இருப்பவற்றில் எது எதோடு மோதும் என்பதைத் தாயம் உருட்டித் தீர்மானி. தனி மூலக்கூறின் கதி என்ன என்று இந்த முறை சொல்வதில்லை, சொல்வதாகப் பாவனையும் செய்வதில்லை. கூட்டத்தின் போக்கை மட்டும் சரியாகச் சொல்லும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. செல், அந்த மோதல் தூரத்தைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் நிஜத்தில் சந்திக்கவே முடியாத துகள்கள் கணக்கில் மோதிக்கொள்ளும். வெப்ப எண் தப்பாகும்.

என் செல் பெரியது. ஆனாலும் கணினி ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. "எனக்குத் தெரியாது" என்று அதற்குச் சொல்லத் தெரியாது. அப்படியானால் அதைச் சொல்லவேண்டியது யார்?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்குக் கொலம்பியா ஞாபகம் வரும். 2003 ஜனவரி 16-இல் அந்த விண்ணோடம் கிளம்பியபோது எரிபொருள் தொட்டியிலிருந்து ஒரு நுரைத்துண்டு பெயர்ந்து இடது இறக்கையில் மோதியது. சேதம் எவ்வளவு இருக்கும் என்று பார்க்க 'கிரேட்டர்' என்ற மாதிரியை ஓட்டினார்கள். சின்னச் சின்னத் துண்டுகளை வைத்துச் சோதித்த மாதிரி அது. மோதிய துண்டோ அவற்றைவிட நூற்றுக்கணக்கான மடங்கு பெரியது. இத்தனைக்கும் அந்த மாதிரி, ஆழமான சேதம் இருக்கலாம் என்றே காட்டியது. "இது எப்பவுமே கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும்" என்கிற நம்பிக்கையில் அந்த எச்சரிக்கையைத் தள்ளிவைத்தார்கள். இறக்கையைப் படமெடுத்துப் பார்க்கலாம் என்று பொறியாளர்கள் கேட்டதும் நடக்கவில்லை. பிப்ரவரி 1 அன்று திரும்பி வரும் வழியில், உடைந்த விளிம்பு வழியே சூடான வாயு உள்ளே புகுந்தது. ஏழு பேரும் போய்விட்டார்கள். அவர்களில் கல்பனா சாவ்லாவும் ஒருவர். விண்வெளி வீரர் ஆவதற்கு முன் நாசாவின் ஏம்ஸ் மையத்தில் அவர் பார்த்த வேலை, காற்றோட்டத்தைக் கணினியில் கணிப்பது.

எல்லாக் கணக்கும் தோராயம்தானே, எல்லையைத் தாண்டாமல் எதைத்தான் கண்டுபிடிப்பது என்று நண்பன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. தாண்டுவது தவறு என்று நானும் சொல்லவில்லை. தாண்டியதைச் சொல்லாமல் இருப்பதுதான் தவறு. ஏனென்றால் கணக்குப் போடுகிறவன் ஒருவன், அதற்குள் உட்கார்ந்து போகிறவர் வேறொருவர். என் படத்தின் வழவழப்பைப் பார்த்து ஏமாறப்போவது நான் மட்டுமில்லை. செல் எவ்வளவு பெரியது என்று கேட்க அந்த இன்னொருவருக்கு வாய்ப்பே கிடைக்காது. ஆகவே அவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுவது என் கடமை. இதை நேர்மை என்று பெரிதாகப் பேச வேண்டியதில்லை. கடன் என்று சொன்னாலே போதும்.

செல்லைச் சிறிதாக்கி மறுபடி ஓட்டினேன். பதினொரு நாள் ஆனது. ஒவ்வொரு செல்லிலும் துகள்கள் குறைந்துபோனதால் படம் முழுக்கப் பொரிப்பொரியாக இருந்தது. அந்தப் பொரியைப் பாதியாகக் குறைக்கவே நாலு மடங்கு மாதிரிகள் சேர்க்க வேண்டும். வெப்ப எண்ணும் மாறியிருந்தது. அந்த அழகில்லாத படத்தையே ஆய்வேட்டில் சேர்த்தேன். அதன் கீழே செல்லின் அளவை முதல் வரியாக எழுதினேன்.