எடுக்காதவனின் தீவு

‘நான் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை, பார்த்துவிட்டு வந்தேன், அவ்வளவுதான்’ என்று சொல்கிறவனைக் குற்றமற்றவனாகக் கருதி நாம் பழகியிருக்கிறோம். பார்ப்பதற்கும் எடுப்பதற்கும் நடுவில் ஒழுக்க ரீதியாக ஒரு கோடு இருப்பதாகவும், பார்ப்பவன் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் பத்திரமாக நிற்பதாகவும் ஒரு நம்பிக்கை. எழுதுகிறவர்களுக்கு இந்த நம்பிக்கை மிகவும் சௌகரியமானது. நம்முடைய தொழிலே பார்ப்பதுதான் என்று சொல்லிக்கொள்கிறோம் அல்லவா? இந்தச் சௌகரியத்தை மன்னார் வளைகுடாவின் சிறு தீவுகளை முன்வைத்துப் பரிசீலிக்க விரும்புகிறேன். ஆளில்லாத தீவு ஒன்றுக்குக் காலையில் படகேறிப் போய் மாலைக்குள் திரும்பிவிடுகிறவன், பார்ப்பவனின் மிகச் சுத்தமான வடிவம். அவனிடம் இந்த நம்பிக்கை தேறாவிட்டால் வேறு யாரிடமும் தேறப்போவதில்லை.

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில், கரையை ஒட்டினாற்போல், 21 தீவுகள் என்பது பழைய கணக்கு. 1986-ல் இவற்றையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அரசு அறிவித்தது. 1989-ல் 10,500 சதுர கிலோமீட்டர் கொண்ட உயிர்க்கோளக் காப்பகத்தின் உள்வட்டமாக அது ஆயிற்று. பவளப்பாறை, கடற்புல், அந்தப் புல்லை மேயும் ஆவுளியா என்ற கடற்பசு ஆகியவற்றைக் காப்பாற்ற எடுத்த நடவடிக்கை இது. தீவில் இறங்கக்கூடாது, பூங்கா எல்லைக்குள் மீன் பிடிக்கக்கூடாது, பாசி எடுக்கக்கூடாது. முதலில் காகிதத்தில் இருந்த இந்தத் தடை நாளடைவில் கடலிலும் இறங்கியது. சமீப வருஷங்களில் பாம்பன் பக்கம் குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறையே கட்டணம் வாங்கிக்கொண்டு பார்வையாளர்களைப் படகில் அழைத்துப் போகிறது. ஆகவே இன்றைய நிலைமை இது: எடுக்க வருகிறவனுக்குத் தடை, பார்க்க வருகிறவனுக்குச் சீட்டு. ஒழுக்கத்தில் இருப்பதாக நாம் நம்பிய கோடு இங்கே சட்டத்தின் கோடாகவே தண்ணீர்மேல் வரையப்பட்டிருக்கிறது.

இந்தத் தீவுகளை ‘ஆளில்லாதவை’ என்று சொல்லும்போது ஒரு சிறிய மோசடி நடக்கிறது. ஒன்றின் பெயர் நல்லதண்ணித் தீவு. அதற்குக் கொஞ்ச தூரத்தில் இன்னொன்று உப்புத்தண்ணித் தீவு. தோண்டிக் குடித்துப் பார்த்தவன்தான் இப்படிப் பெயர் வைத்திருக்க முடியும். வழியில் எங்கே தாகம் தீரும், எங்கே தீராது என்று பின்னால் வருகிறவனுக்கு எச்சரிக்கும் பெயர்கள் இவை. வசிக்காவிட்டாலும் வந்து போனவர்கள் இருந்தார்கள். வலை காயவைத்தார்கள், கஞ்சி காய்ச்சினார்கள், காற்று அடங்கும்வரை காத்திருந்தார்கள். குடியிருப்பு இல்லை என்பதை மனித உறவே இல்லை என்பதாக மொழிபெயர்ப்பது பார்வையாளனின் மொழி. காட்டைப் பற்றியும் மலையைப் பற்றியும் இதே மொழிபெயர்ப்பை வேறு இடங்களில் செய்திருக்கிறோம்.

குருசடைக்கு நான் போயிருக்கிறேன். படகில் ஒரு டஜன் பேர் இருந்தோம். கல்லையோ சிப்பியையோ எடுக்கக்கூடாது என்று ஏறும்போதே சொல்லிவிட்டார்கள். யாரும் எடுக்கவில்லை. கரையில் வெளுத்துப்போன பவளத்துண்டுகள் காலடியில் நொறுங்கின. தண்ணீர் மிகத் தெளிவாக இருந்தது. இறங்கிய சில நிமிஷங்களுக்கு ஒருவரும் பேசவில்லை. அந்த அமைதி அசலானது. அதைக் கொச்சைப்படுத்த எனக்கு விருப்பமில்லை. ஊரில் மாதக்கணக்காக உள்ளுக்குள் இரைந்துகொண்டிருந்த ஏதோ ஒன்று அங்கே நின்றது என்றால் அது பொய்யில்லை. திரும்பும்போது சற்றுத் தள்ளி ஒரு வல்லம் தெரிந்தது. அதைச் சுற்றி, இடுப்பளவு தண்ணீரில், சில பெண்களின் தலைகள் மூழ்குவதும் எழுவதுமாக இருந்தன. ‘பாசி எடுக்கிறாங்க சார்’ என்றார் படகோட்டி. தீவுப் பக்கம் வருவார்களா என்று கேட்டேன். ‘முந்தி வருவாங்க. இப்ப விட மாட்டாங்கல்ல. எங்கம்மாவே இங்கன வந்து எடுத்தவங்கதான் சார்’ என்றார். அவர் குரலில் புகார் ஏதும் இல்லை. அவர் அம்மா வரக்கூடாத இடத்துக்கு என்னைக் கொண்டுபோய்க் காட்டுவது இப்போது அவருடைய தொழில்.

இந்தக் கோட்டுக்குத் தத்துவத்தில் ஒரு வம்சாவளி உண்டு. 1790-ல் வெளிவந்த தமது நூலில், அழகு பற்றிய தீர்ப்பு என்பது பொருளின்மீது எந்த நாட்டமும் அற்றதாக இருக்கவேண்டும் என்றார் காண்ட். ஒரு பொருள் இருப்பதால் எனக்கு என்ன பயன் என்ற கேள்வி புகுந்துவிட்டால் அது தூய ரசனைத் தீர்ப்பு ஆகாது. இதை விளக்க அவர் ஓர் அரண்மனையை எடுத்துக்கொள்கிறார். இந்த அரண்மனை அழகா என்று கேட்டால், ரூஸோவைப்போல, ஜனங்களின் வியர்வையை வீணாக்கும் பெரிய மனிதர்களின் டம்பத்தைத் திட்டலாம். மனிதரைக் காணும் நம்பிக்கையே இல்லாத ஓர் ஆளில்லாத தீவில் இருந்தால், வசதியான ஒரு குடிசை இருக்கும் பட்சத்தில், ஆசைப்பட்ட மாத்திரத்தில் அரண்மனை எழும்பும் என்றாலும் அந்தச் சிரமத்தைக்கூட எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றும் சொல்லலாம். இவை எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளலாம், ஆனால் இப்போது கேட்பது அதுவல்ல என்கிறார் காண்ட். காண்ட்டின் வாதத்திலேயே ஆளில்லாத தீவு வந்துவிடுகிறது என்பதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இதில் உண்டு. வியர்வையைப் பற்றிய கேள்வியை அவர் மறுக்கவில்லை. அது வேறு கேள்வி என்று தள்ளி வைக்கிறார், அவ்வளவே. அவருக்குப் பின்னால் வந்த ரசனைக்காரர்கள் தள்ளி வைத்ததைத் தீர்ந்துபோனதாக எடுத்துக்கொண்டார்கள். தீர்ப்புக்கான ஒரு நிபந்தனை, போய்ப் பார்ப்பதற்கான உரிமைப் பத்திரமாக மாறிவிட்டது. நாட்டமின்றிப் பார்க்கிறேன், ஆகவே எனக்குக் கணக்கு இல்லை.

இந்த மாற்றம் ஓர் ஆளிடத்திலேயே நடப்பதைப் பார்க்கவேண்டுமானால் வேர்ட்ஸ்வொர்த்தைப் பார்க்கலாம். ஏரிப் பிரதேசத்துக்கு 1810-லேயே வழிகாட்டி எழுதியவர் அவர். 1835 வரை திருத்திப் பெருக்கிக்கொண்டிருந்தார். அப்படிப்பட்டவர் 1844-ல், விண்டர்மியருக்கு ரயில் போடப்போகிறார்கள் என்றதும், பத்திரிகைக்கு எதிர்ப்புக் கடிதங்கள் எழுதினார். இயற்கைக் காட்சியில் லயிக்கும் ரசனை பிறவியில் வருவதல்ல, மெதுவாகப் பயில வேண்டியது. தொழிலாளர்களைக் கூட்டமாக ரயிலில் கொண்டுவந்து இறக்கினால் அவர்களுக்கும் பயனில்லை, இடமும் கெடும் என்பது அவர் வாதம். இதில் ஓர் உண்மையும் ஓர் அநியாயமும் பிரிக்கமுடியாமல் பின்னிக்கிடக்கின்றன. கூட்டம் அமைதியைக் கெடுக்கும் என்பது உண்மை. முதலில் வந்தவன் கூட்டத்தில் சேர்த்தி இல்லை என்பது அநியாயம். அமைதியைத் தேடி வருகிற ஒவ்வொருவனும் தனக்கு அடுத்து வருகிறவனைத்தான் கூட்டம் என்கிறான். குருசடையில் எங்களுக்குப் பிறகு இன்னொரு படகு வந்து சேர்ந்தபோது எங்கள் பன்னிரண்டு பேரின் முகத்திலும் ஒரே சுளிப்பு.

அப்படியானால் உழைக்கிறவன் பக்கம்தான் நியாயம் என்று முடித்துவிடலாமா? நம்முடைய முற்போக்கு நண்பர்கள் இங்கே அவசரப்படுவார்கள். பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்று இரண்டு தீவுகள் இன்று கடல்மட்டத்துக்கு மேல் இல்லை. உயரும் கடலுக்கு அதில் பங்குண்டு என்றாலும், பல வருஷங்கள் பவளப்பாறையை வெட்டியெடுத்தது முக்கியமான காரணம். சல்லி என்பது உடைந்த கல்லுக்குப் பெயர். பெயரில் இருந்ததைப் போலவே தீவையும் கல்லாகக் கருதி அள்ளிவிட்டார்கள். அள்ளிய கைகளும் ஏழைக் கைகள்தான். ஏழ்மை ஒரு விளக்கம். பாறையைப் பொறுத்தவரை அது சமாதானம் ஆகாது. 2001-ல் பவளத்துக்கு வனவிலங்குச் சட்டத்தின் உச்சபட்சப் பாதுகாப்பு கிடைத்திராவிட்டால் இன்னும் சில பெயர்களை இறந்தகாலத்தில் எழுத நேர்ந்திருக்கும். தடையை நான் எதிர்க்கவில்லை.

ஆனால் அள்ளிய கல் எங்கே போயிற்று? சுண்ணாம்பாகவும் கட்டடமாகவும் கரையேறி ஊர்களுக்குள் வந்தது. பெண்கள் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் அகர் ஆகின்றன. கட்டக்கோரை ஆல்ஜினேட் ஆகிறது. தின்பண்டத்தைக் கெட்டியாக்கவும், பரிசோதனைச்சாலையில் கிருமி வளர்க்கவும், துணிக்குச் சாயம் ஏற்றவும் போகின்றன. எதையும் எடுக்காமல் தீவைப் பார்த்துவந்த நானும் அவற்றைத் தின்றிருக்கிறேன், உடுத்தியிருக்கிறேன். எனக்காக எடுக்கும் கை வேறொருவருடையது என்பதால் என் கை சுத்தமாக இருக்கிறது. பார்ப்பவனும் எடுப்பவனும் இரண்டு வகை மனிதர்கள் என்ற எண்ணமே பிழை. எடுப்பதை இன்னொருவரிடம் விட்டுவிட்டுப் பார்ப்பதை மட்டும் தனக்கென வைத்துக்கொண்டவன்தான் பார்ப்பவன்.

இங்கிருந்து ஒரு படி மேலே போகவேண்டும் என்று நினைக்கிறேன். பாம்பன் பக்கத்துப் பாசிப் பெண்கள் தங்களுக்குள் ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாட்கள்தான் கடலில் இறங்குவது. மற்ற நாட்களில் பாசி வளரட்டும் என்று விட்டுவிடுவது. விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கிப் பறிக்கிற தொழிலில் ஒரு நாளை விடுவது என்பது ஒரு நாள் அடுப்பை விடுவது. சின்னப்பாலத்தைச் சேர்ந்த ஒரு பாசிப் பெண்ணுக்கு 2015-ல், தீவுகளின் பாதுகாப்புக்காக வழங்கப்படும் சீக்காலஜி என்ற சர்வதேசப் பரிசு கிடைத்தது. பரிசு முக்கியமில்லை. எடுக்கிறவர்கள் ‘போதும்’ என்ற சொல்லைக் கண்டுபிடித்தார்கள் என்பது முக்கியம். எடுக்கிறோம் என்று தெரிந்தவர்களுக்குத்தான் அந்தச் சொல் அகப்படும். அவர்கள் கையில் கனம் இருக்கிறது, நேற்றைய கனத்தோடு அதை ஒப்பிட முடிகிறது. எதையும் எடுக்கவில்லை என்று நம்புகிற பார்வையாளனுக்குப் போதும் என்று சொல்ல ஓர் அளவுகோலே கிடையாது. எத்தனை தீவைப் பார்த்தாலும், எத்தனை தடவை பார்த்தாலும், அவன் கணக்கில் பூஜ்யம்தான். முடிவில்லாமல் திரும்பிவரக்கூடிய பூஜ்யம் இது. நாளொன்றுக்கு இத்தனை படகு என்று வனத்துறை விதிக்கலாம், அது அவசியமும்கூட. ஆனால் அது வெளியிலிருந்து வரும் வரம்பு. அதை மதிக்கிறவன் சட்டத்தை மதிக்கிறவன் ஆவானே தவிர, தான் எடுத்ததை அறிந்தவன் ஆகமாட்டான்.

இலக்கியத்துக்கு இதில் என்ன என்று கேட்கலாம். நம் கவிதைகளில் சில காலமாக மௌனம் ஏராளமாகக் கிடைக்கிறது. கடல், மணல், ஒற்றைப் பறவை, பிறகு மௌனம். ஆளை அப்புறப்படுத்திய நிலப்பரப்புக்கு ஆழம் தானாக வந்துவிடும் என்பதுபோல் எழுதுகிறார்கள். நெய்தலைத் திணையாக வகுத்தவர்கள் இப்படி நினைக்கவில்லை. தொல்காப்பியத்தின் கருப்பொருள் பட்டியலில் தெய்வம், உணவு, மரம், பறவை இவற்றோடு தொழிலும் சேர்த்தி. உப்பு விளைப்பதும் மீன் உணக்குவதும் இல்லாமல் நெய்தல் இல்லை. அந்த நிலத்துக்குரிய இரங்கல் இந்த வேலைகளுக்கு நடுவில்தான் கேட்டது. வேலையைக் கழித்தபிறகு எஞ்சுவது தூய நிலம் என்ற எண்ணம் நமக்குப் படகில் வந்து இறங்கியது. தீவின் அமைதியை எழுதட்டும். அந்த அமைதிக்காக யார் வெளியே நிற்கிறார்கள் என்பதும் அந்தக் கவிதைக்குத் தெரிந்திருக்கவேண்டும். சொல்லவேண்டும் என்று நிர்ப்பந்தம் இல்லை. தெரியாமல் எழுதிய மௌனத்துக்கும் தெரிந்து எழுதிய மௌனத்துக்கும் உள்ள வித்தியாசம் நல்ல வாசகனின் காதுக்கு எட்டிவிடும்.

போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. போகாமல் இருப்பதிலும் அதே கை கழுவும் ஆசைதான் ஒளிந்திருக்கிறது. போகலாம். போய், ஒரு பகல் நேரத்து அமைதியை எடுத்துக்கொண்டு வருகிறோம் என்று தெரிந்து போகவேண்டும். எடுத்தது எவ்வளவு, யாருடைய பங்கிலிருந்து எடுத்தது, மறுபடி எடுக்க எத்தனை நாள் விட்டுவைக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறவன் பார்ப்பவன் என்ற சலுகையை இழந்துவிடுகிறான். அந்தப் பெண்களோடு ஒரே கணக்குக்குள் வந்து சேருகிறான். சலுகையைவிட அந்தக் கணக்கு நாணயமானது. நல்லதண்ணித் தீவுக்குப் பெயர் வைத்தவன் தான் குடித்ததை மறைக்கவில்லை.