வலம்புரியின் மதிப்பு

ஒரு பொருளின் மதிப்பு அப்பொருளின்கண் உள்ளதோ, அதனை மதிப்பார் நெஞ்சின்கண் உள்ளதோ என்பது மாணாக்கர் எளிதில் வினவி, ஆசிரியர் அரிதில் விடையிறுக்கும் வினாக்களுள் ஒன்று. இதனை ஆராய்தற்குச் சங்கு மிக ஏற்றது.

கார்த்திகைச் சோமவாரங்களிலே சிவாலயங்களில் ஆயிரத்தெட்டுச் சங்குகளில் நீர் நிறைத்து அபிஷேகஞ் செய்வர். நடுவே வைக்கப்படுவது வலம்புரி. சூழ இருப்பன இடம்புரி. இரண்டும் மன்னார், யாழ்ப்பாணக் கடல்களில் வாழும் ஒரே இனப் பிராணியின் ஓடுகளே. கண்ணாடியில் தோன்றும் சாயைபோலச் சுழி மாறியிருத்தல் ஒன்றே வேற்றுமை. முற்காலத்தில் இடம்புரிகள் மூட்டை மூட்டையாய் வங்காளத்துக்கு வளையலறுக்கச் சென்றன; வலம்புரி ஒன்று அகப்படின் பெருநிதியென்று கொண்டாடினர். மேனாட்டுப் பிராணிநூலாரோ நம் வலம்புரியை இடச்சுழி என்பர். சுருள்முனை மேலாக நிறுத்தினால் அதன் வாய் இடப்பக்கத்தும், வால் மேலாக நிறுத்தினால் வலப்பக்கத்துந் தோன்றும். பிடிக்குங் கை மாறப் பெயரும் மாறுகின்றது!

விலையும் அங்ஙனமே. மாலைதீவுப் பலகறை வங்காளத்தில் நாணயமாய் வழங்கிற்று. அவ்வழக்கு ஒழிந்தபின் சோழியாட்டத்துக்கே உரியதாயிற்று. கடலின் மகிமை எனப் பெயர்பெற்ற கூம்புச்சங்கைச் சேகரிப்போர் பெரும்பொருள் கொடுத்துக் கொண்டனர். 1969ஆம் ஆண்டில் குவாடல்கனால் தீவையடுத்த கடலிற் பல அகப்படவே, விலை வீழ்ந்தது. ஓடு மாறவில்லை.

அற்றேல், மதிப்பு மனத்தின்கண்ணதே யாயின், போலிச்சங்கு விற்பவன்மேற் குற்றமென்னை எனின், கூறுதும்.

மெக்சிக்கோ வளைகுடாவில் வேறோரினச் சங்கு உண்டு. அதற்கு இடச்சுழியே இயல்பு. ஆதலின் ஆண்டு அஃது அரியதன்று. அதனை வலம்புரியென்று இங்கே விற்பாருளர். மெய்ச்சங்கின் வாயினுள்ளே நடுத்தண்டில் மூன்று அல்லது நான்கு மடிப்புக்கள் தெளிவாயிருக்கும். மற்றையதில் அவை இரா. விரலால் தடவியே அறியலாம்.

கொச்சிக்கடையிலே பொன்னம்பலவாணேசர் கோயில் மணியோசை கேட்கும் ஒரு வீட்டில் முதியவள் ஒருத்தி, மகனுடைய நோய் தீரவேண்டித் தன் காப்பிரண்டையும் விற்று வாங்கிய சங்கை என்னிடந் தந்து, "வாத்தியார், இது நல்லதோ?" என்றாள். விரலை இட்டுப் பார்த்தேன். மடிப்பில்லை. மகன் அப்போது எழுந்து நடமாடிக்கொண்டிருந்தான். "நல்ல சங்கு அம்மா" என்று சொல்லி வந்துவிட்டேன். அன்பு வைத்த பொருளைப் பழித்தல் கொடுமை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அவள் அன்பு போலியன்று என்பது இன்றும் என் துணிபு. ஆயினும் அவள் வினாவியது அன்பைப்பற்றியன்று, சங்கைப்பற்றி.

சில மாதங் கழித்து அறிந்தேன்: என் சொல்லையே சான்றாகக் காட்டி, அயல்வீட்டுப் பெண்ணும் அதே வணிகனிடம் ஒன்று வாங்கத் தன் சங்கிலியை ஈடுவைக்க இருந்தாள். அன்று மாலையே சென்று உண்மையைச் சொன்னேன். முதியவள் நெடுநேரம் பேசவில்லை.

"அவளுக்கு நானே சொல்லுகிறேன், நீங்கள் போகவேண்டாம்" என்றாள். பின்பு சங்கை என் கையினின்றும் வாங்கித் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தாள். "இவ்வளவு நாளும் சுவாமிக்கு இதிலேதானே தண்ணீர் வார்த்தேன்."