மறைந்திருக்கும் ஒரு கல்

கியோட்டோவில் பணிபுரியும் மகனைக் காணச் சென்ற அன்பர் ஒருவர், 'உணவு, பேச்சு எல்லாம் மாறிவிட்டன. இவன் என் பிள்ளைதானா?' என்று வருந்தினார். மகன் அலுவலகம் சென்ற பொழுதுகளில் அவர் ரியோவான்ஜி என்னும் ஜென் ஆலயத்திற்குச் சென்று மரத்திண்ணையில் அமர்ந்திருப்பார். எதிரே வெண்ணிறச் சரளைப் பரப்பில் 15 பாறைகள். எங்கு அமர்ந்தாலும் ஒன்றேனும் கண்ணுக்கு மறைந்துவிடும். விரைந்து வருபவர், எண்ணிக்கை குறைகிறதென்று திரும்பிவிடுவார். நிதானமாக அமர்பவரோ, குறை பாறைகளில் இல்லை, தாம் பார்க்கும் இடத்தில்தான் என்பதை உணர்வார்.

மகனின் தனிமையையும் உழைப்பையும் தாம் கண்டதில்லை என்பது அவருக்கு அங்கேதான் விளங்கியது.

முழுவதும் அறிந்த பின்பே அன்பு செலுத்துவோம் என்றால், நாம் எவரையும் நேசிக்க இயலுமா? காணாததற்கும் இடமளித்து, தீர்ப்புக் கூறாமல் அருகிருப்பதே அன்பு.