பெண்பிள்ளைகளுக்குத் தனிப் பாடசாலை வேண்டுமா?

பெண்பிள்ளைகளை ஆண்பிள்ளைகளோடு ஒருங்கிருத்திக் கற்பித்தல் நன்றோ, வேறுபிரித்துக் கற்பித்தல் நன்றோ என்னும் வினா நம் சைவாசிரியர்களிடையே அடிக்கடி நிகழ்வதொன்றாம். இதற்கு விடை கூறப் புகுவோரிற் பலர், அச்சமும் நாணமும் பெண்ணுக்கு இயல்பாதலின் அவற்றைக் காத்தற்பொருட்டுத் தனிப் பாடசாலை வேண்டும் என்று தொடங்கி, அவ்வளவில் அமைவர். தனிப் பாடசாலை வேண்டும் என்பதே நம் கொள்கையுமாம். ஆயினும் அவர் காட்டுங் காரணம் நமக்கு உடன்பாடன்று. காவலின்பொருட்டு எழுப்பப்படுஞ் சுவர் சிறைச்சாலைக்கும் உண்டு. சுவரினுள்ளே நிகழ்வது யாது என்பதே இங்கே ஆராயத்தக்கது.

சைவசித்தாந்தத் துணிபின்படி ஆன்மாவுக்கு ஆணென்றும் பெண்ணென்றும் வேறுபாடில்லை. அவ்வேறுபாடு வினைக்கீடாகப் பெற்ற உடம்பைப் பற்றியதே. ஆணவமலம் இருபாலாரையும் ஒப்பவே மறைத்து நிற்றலின், அறிவு விளக்கமும் இருபாலார்க்கும் ஒப்பவே வேண்டப்படும். திருநாவுக்கரசு நாயனாரைப் புறச்சமயத்தினின்று மீட்டுத் திருநீறளித்தவர் அவர் தமக்கையாராகிய திலகவதியார். திருஞானசம்பந்தமூர்த்தி நாயனாரைப் பாண்டிநாட்டுக்கு எழுந்தருளும்படி வேண்டினவர் மங்கையர்க்கரசியார். காரைக்காலம்மையார் அருளிய பதிகங்கள் மூத்த திருப்பதிகம் என்றே பெயர்பெற்றன. இவர்களை விழாநாளிலே பூசித்து, மறுநாள் நம் புதல்வியரைப் படிப்பு நிறுத்தி வீட்டிலிருத்துவோமாயின், அப்பூசையாற் பயன் என்னை?

ஒருங்கிருந்து கற்குமிடத்து நேருங் குறை யாதெனிற் கூறுதும். கலவன் பாடசாலையொன்றின் வகுப்பறையிற் சிறிது நேரம் நின்று நோக்குக. ஆசிரியர் வினாவியவுடனே உரத்த குரலில் விடை கூறுவோர் ஆண்பிள்ளைகள். விடை தெரிந்தும் வாய்திறவாதிருப்போருட் பெண்பிள்ளைகள் பலர். ஆய்வுகூடத்திலே பரிசோதனைக் குழாயை ஏந்துவோன் மாணவன். கண்டதைக் கொப்பியில் எழுதுவோள் மாணவி. குருபூசைத் தினத்திலே பிரசங்கஞ் செய்வோன் ஆண்பிள்ளை. கோலமிடுவோளும் பூத்தொடுப்போளும் பெண்பிள்ளை. இவற்றை ஒருவரும் விதித்திலர். தாமே அவ்வாறு அமைந்துவிடுகின்றன. ஆசிரியராகிய நாமும் காணாதவர்போற் செல்கின்றோம். தனிப் பாடசாலையிலோ குழாயை ஏந்துதற்கும், சபையிற் பேசுதற்கும், மாணவர் தலைமை பூணுதற்கும், பிழைபட விடை கூறி நகைப்புக்கு அஞ்சாது மீண்டும் முயலுதற்கும் பெண்ணையன்றி வேறொருவரில்லை. தனிக்கல்வியின் மெய்ப்பயன் இதுவேயாம். காவல் அதற்குப் பிற்பட்டது.

இதனை நம்மவர்க்கு நெடுங்காலம் முன்னரே செய்துகாட்டியவர் பாதிரிமார். மிஷன் பாடசாலையிலே கற்ற நாம் இதனை மறைத்துரைத்தல் நன்றியின்மையாம். அமெரிக்க மிஷனார் 1824 இல் உடுவிலிலே பெண்களுக்கு விடுதிப் பாடசாலை தாபித்தனர். சமயமாற்றம் அவர் கருத்துள் இருந்தது மெய்யே. அதுபற்றி அவரோடு வழக்கிடுதல் எளிது. நம் பெண்மக்களுக்கு நாம் செய்தது யாது என்று அவர் வினவியிருப்பின் விடையிறுத்தல் அரிதாயிருக்கும். ஆறுமுகநாவலரவர்கள் 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்து வழிகாட்டிய பின்னரும், சேர் பொன்னம்பலம் இராமநாதனவர்கள் மருதனார்மடத்திலே சைவப் பெண்களுக்கெனக் கல்லூரி திறந்தது 1913 இலேயாம். உடுவிலுக்கும் மருதனார்மடத்துக்கும் இடையிலுள்ள தூரம் நடந்து செல்லுந் தூரமே. அத்தூரத்தைக் கடத்தற்குச் சைவ சமூகத்துக்கு 89 ஆண்டு சென்றது. கொழும்பிலே பௌத்தர் 1891 இல் மியூசியஸ் கல்லூரியையும் 1917 இல் விசாகா வித்தியாலயத்தையும் பெற்றமை இவ்விடத்து ஒப்புநோக்கற்பாலது.

இராமநாதனவர்கள் செய்கையில் ஒன்று நாம் ஊன்றி நோக்கத்தக்கது. ஆண்பிள்ளைகளுக்குரிய பரமேசுவரக் கல்லூரியை அவர்கள் தாபித்தது 1921 இல். பெண்களுக்குரியதை அதற்கு எட்டாண்டு முன்னரே தாபித்தார்கள். முதற்பொருளைப் பெண்களுக்குச் செலவிட்ட அப்பெரியாரே பெண்களுக்கு வாக்குரிமை அளித்தலை எதிர்த்தவருமாவர் என்பதையும் உடன்கூறுதல் முறைமை. 1931 இல் இலங்கைப் பெண்கள் வாக்குரிமை பெற்றனர். அவர் தாபித்த கல்லூரியிற் கற்ற பெண்களும் அவ்வுரிமையைப் பெற்றனர். கற்பித்தல் ஓரளவோடு நிற்கும் என்று கருதுவோர் இதனை எண்ணிப்பார்ப்பாராக.

யாழ்ப்பாணத்துச் செய்தி நிற்க, நாம் வாழும் மாத்தளைப் பகுதியை நோக்குவாம். கோப்பிக் காலத்திலே மன்னார்க் கரையிலிறங்கிக் காட்டுவழியாகத் தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்துவந்த நம் முன்னோருட் பெண்களும் இருந்தனர். ஆண்கள் சுமந்ததை அவரும் சுமந்தனர். அன்று அவர்தம் நாணத்தைப்பற்றி ஒருவரும் கவலைப்பட்டிலர். அவர் மக்களுக்குக் கல்வி வந்த வேகமோ மிகக் குறைவு. 1920 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குப் பாடசாலை அமைக்கும் கடமையைத் தோட்ட நிருவாகத்தார்மேற் சுமத்திற்று. அதுவும் 6 வயது முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கே. அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1977 இலேதான்.

இன்றும் தோட்டத்தை அடுத்த பாடசாலைகள் பெரும்பாலும் சிறு கலவன் பாடசாலைகள். மேல்வகுப்புக்கு இறத்தோட்டை, எல்கடுவை முதலிய மலைப்புறங்களினின்று பிள்ளைகள் பஸ் ஏறி வருதல் வேண்டும். பெண்பிள்ளை பூப்பெய்துங் காலமும் இந்தக் காலமும் ஒன்றாய் வருகின்றன. வழியின் தனிமை, பஸ்ஸின் நெருக்கடி, தக்க மலசலகூடம் இல்லாமை, தாய் கொழுந்தெடுக்கச் செல்லும் வீட்டிலே தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமை ஆகிய இவை ஒன்றுகூடி அவளை நிறுத்திவிடுகின்றன. அப்பெற்றோரை அறியாமையுடையோர் என்று இகழ்தல் நமக்குத் தகாது. அவர் அஞ்சுவன அஞ்சத்தக்கனவே. 16 வயது வரை கல்வி கட்டாயம் என்று 2016 இல் விதிக்கப்பட்டது. அவ்விதி பஸ்ஸில் அவளோடு கூட வருவதில்லை. பெண்களுக்கெனத் தனிப் பாடசாலையும், அதனோடு கூடிய விடுதியும், விடுதியிலே பெண்ணாசிரியர் ஒருவரும் இருப்பின், பெற்றோரது அச்சத்துட் பெரும்பகுதி நீங்கும். தம்பி தங்கையர் காரியம் அப்பொழுதும் எஞ்சி நிற்கும். அது பிள்ளைமடுவத்தைச் செவ்வையாக நடத்தவேண்டிய தோட்டத்தாரைச் சார்ந்தது.

இனி ஆசங்கைகள். தனிப் பாடசாலையாற் கல்வித்தேர்ச்சி மிகும் என்பது நிலைநாட்டப்பட்டதன்று என்பாருமுளர். அவர் கூற்றில் உண்மையுண்டு. 21 நாடுகளிலே 16 இலட்சம் மாணவரைப்பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2014 இல் வெளிவந்த ஆராய்ச்சி, பிற காரணங்களை நீக்கிப் பார்க்குமிடத்து வேறுபாடு மிகச் சிறிதே என்று கண்டது. தென்கொரியாவின் சியோல் நகரத்திலோ மாணவரைத் திருவுளச்சீட்டு முறைபோல உயர்தரப் பாடசாலைகளுக்குப் பங்கிட்டனுப்பும் வழக்கத்தை ஆராய்ந்தவர்கள், தனிப் பாடசாலை மாணவர் மேம்பட்டிருத்தலைக் கண்டனர். இவ்விரண்டும் முரண்படுவனபோலத் தோன்றினும், நாம் முன்னர்க் கூறியதற்கு மாறாவன அல்ல. பிரித்து வைத்தல் மாத்திரையானே யாதும் விளையாது. மேலும், தேர்ச்சியை அளக்கும் ஆராய்ச்சிகள் பாடசாலைக்கு வந்தவரையே அளக்கும். வாராது நின்ற எல்கடுவைப் பெண்பிள்ளைக்கு அவற்றுள்ளே இடமில்லை.

உலகம் கலந்தே இருத்தலின் பாடசாலையும் கலந்திருத்தல் வேண்டும் என்பர் வேறு சிலர். மிளகும் கொக்கோவும் பயிராகும் நம் நாட்டிலே இதற்கு விடை தோட்டத்தார்க்கும் தெரியும்: கன்றை முதலில் நிழற்பந்தரின்கீழ் வளர்த்துப் பின்னரே வெளியில் நடுவர். ஆயின் பந்தரை உரியகாலத்தில் நீக்காதொழியிற் கன்று வெளிறி மெலியும். ஆதலின் தமிழ்த்தினப் போட்டி, விஞ்ஞானக் கண்காட்சி முதலியவற்றிற்குப் பெண்பாடசாலை மாணவியர் வெளிச்சென்று ஆண்பிள்ளைகளோடு எதிர்நின்று வாதிட்டு வருதல் வேண்டும்.

மூன்றாவது ஆசங்கையை ஒருவரும் எழுப்பாமையின் நாமே எழுப்புகின்றோம். பெண்பாடசாலை என்னும் பெயராற் குறைந்த கல்வி கொடுக்கப்படுதல் எளிது. பெண்தானே என்று தையலும் மனையியலும் கலைப்பிரிவும் வைத்து, கணிதத்துக்கும் பௌதிகத்துக்கும் ஆசிரியரைத் தேடாது விட்டால், கேட்பார் எவருமிலர். மலையகத் தமிழ்ப் பாடசாலைகளிலே உயர்தர விஞ்ஞான கணித வகுப்புகள் அருகியிருத்தல் நாம் யாவரும் அறிந்ததே. அவ்வகுப்புகள் இல்லாத பெண்பாடசாலையினும், அவை உள்ள கலவன் பாடசாலையே பெண்ணுக்கு மேலானது என்று ஐயமின்றிக் கூறுவோம். இது கேட்டு நம் நண்பர் சிலர் முகஞ்சுளித்தல் கூடும்.

மற்றொன்றுங் கூறவேண்டியுளது. நம் ஆசிரியருட் சிலர் தம் புதல்வியரைக் கண்டியிலும் கொழும்பிலும் உள்ள பெண்பாடசாலைகளிற் சேர்த்தற்கு இரவுபகலாக முயன்று, தோட்டத்துப் பெற்றோர் வந்து வினவும்போது மாத்திரம், அருகிலுள்ள கலவன் பாடசாலையே போதும் என்கின்றனர். தம் பிள்ளைக்கு ஆராய்ந்து தேர்ந்ததைப் பிறர் பிள்ளைக்கு மிகையென்பது எந்த நீதி?

விடுதிக்குப் பொருள் யாண்டையது என்று வினவுவர். மாசிமகத்திலே முத்துமாரியம்மன் பஞ்சரத பவனிக்கு மாத்தளை நகரம் தேடித் தரும் பொருளைக் கண்டவர் இவ்வினாவை வினவார். ஆயினும் பொருளைப்பற்றிப் பேசுதற்கு முன் தொகை தெரிதல் வேண்டும். ஒவ்வொரு தலைமையாசிரியரும் தம் பாடசாலையின் இடாப்பை எடுத்து, ஆறாண்டுக்கு முன் ஐந்தாம் வகுப்பிற் பெயர் பதியப்பட்டிருந்த பெண்பிள்ளைகளுள் எத்துணைப் பேர் பதினோராம் வகுப்பை எய்தினர், எய்தாதோர் எந்த வகுப்பிலே நின்றனர் என்று எண்ணி, நம் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வருவாராக.