கணக்கில் வராத சூடு

சிறுநீரகம் செயலிழந்தவர் இருக்கும் வீட்டில் எல்லாவற்றுக்கும் அளவு வந்துவிடுகிறது. குடிக்கிற தண்ணீருக்கு, குழம்பில் போடும் உப்புக்கு, ஒரு துண்டுப் பழத்துக்கு. அப்பா டயாலிசிஸுக்குப் போகத் தொடங்கிய பிறகு வாய்க்குள் போகிற எதையும் யோசிக்காமல் கொடுக்க முடிவதில்லை. சூடு மட்டும் அந்தக் கணக்கில் சேராது. தோல் வழியாகப் போகிறது, தசையை இளக்குகிறது, ஆறிவிடுகிறது. ரத்தத்தில் எதையும் விட்டுச் செல்வதில்லை.

*

கெண்டைக்காலில் குரக்களி பெரும்பாலும் டயாலிசிஸின் கடைசி மணி நேரத்தில்தான் பிடிக்கும். இரண்டு மூன்று நாளாக உடம்பில் சேர்ந்த நீரை இயந்திரம் நான்கு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். அந்த வேகத்துக்கு உடம்பு ஈடுகொடுக்காதபோது தசைக்கு ரத்தம் குறைந்து இழுத்துக்கொள்கிறது. சில இரவுகளில் வீட்டிலும் வரும்.

அந்த நிமிடத்தில் ஒத்தடத்தைத் தேடி ஓடுவதில்லை. முழங்காலை நேராக வைத்து, பாதத்தின் முன்பகுதியை அவர் முகம் இருக்கும் பக்கமாக மெல்லத் தள்ளிப் பிடித்துக்கொள்வேன். முடிச்சு அவிழும். பிறகும் தசைக்குள் ஒரு வலி தங்கிவிடும். ஒத்தடம் அந்த மிச்ச வலிக்கு.

*

“வாழைப்பழம் கொடு, இளநீர் கொடு, சரியாப் போயிடும்” என்பார்கள் பார்க்க வருகிறவர்கள். அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனால் சிறுநீரகம் வெளியேற்றாத பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கினால் இதயத்துடிப்பே தடுமாறும், நின்றும் போகலாம். குரக்களிக்கு ஒரு காலத்தில் கொயினா மாத்திரை தந்தார்கள். ரத்தத்தட்டுகளைக் குறைத்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010இல் எச்சரித்தது. இப்படி ஒவ்வொன்றாகக் கழிந்த பின் வீட்டில் மிஞ்சுவது அடுப்பும் ஒரு துணியும்தான்.

*

இரும்புச் சட்டியில் கல்லுப்பு வறுபடுகிறது. அப்பாவின் சோற்றில் ஒரு கல் கூடிவிடக் கூடாதென்று நான் காவல் காக்கும் அதே உப்பு. கை நிறைய அள்ளிப் போடும்போது மனசு கொஞ்சம் விடுபடுகிறது. படபடவென்று பொரிந்ததும் பழைய வேட்டித் துணியில் முடிந்து, சூடு தணியக் காத்திருப்பேன். ஊரில் அத்தை தவிட்டைத்தான் வறுப்பார். உப்பு சட்டென்று சுட்டுவிடும்; தவிட்டின் சூடு சாது. நோயாளிக்குத் தவிடே நல்லது என்பது என் எண்ணம்.

*

நம் நரம்பில் சூட்டை வலியாக உணரும் ஒரு வாசல் இருக்கிறது. சுமார் 43 டிகிரி செல்சியஸில் அது திறக்கிறது. மிளகாயின் காரமும் அதே வாசலைத்தான் திறக்கிறது. அதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 44 டிகிரிச் சூடு ஆறு மணி நேரம் தோலோடு ஒட்டியிருந்தாலே வெந்துவிடும் என்று 1947இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எச்சரிக்கைக்கும் புண்ணுக்கும் நடுவே அவ்வளவுதான் இடம்.

அப்பாவுக்குப் பல வருடச் சர்க்கரை. காலில் உணர்வு மங்கிவிட்டது. “இன்னும் சூடா வைம்மா” என்பார். எனக்குத் துக்கமாக இருக்கும், ஆனாலும் வைப்பதில்லை. என் முன்கையின் உட்பக்கத்தில் ஒற்றிப் பார்த்து, அது தாங்கும் சூட்டில்தான் அவர் கெண்டைக்காலில் ஒற்றுவேன். பாதத்தில் ஒற்றுவதே இல்லை. டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்த, ஃபிஸ்டுலா போட்ட கையிலும் இல்லை. வெந்நீர்ப் பையைப் போர்வைக்குள் வைத்துவிட்டுத் தூங்கப் போவதும் கிடையாது.

*

ஒத்தடம் வலியைத் தணிக்கும், காரணத்தைத் தொடாது. குரக்களி அடிக்கடி வந்தால் டயாலிசிஸ் அறையில் தயங்காமல் சொல்லுங்கள். நீர் எடுத்து முடிந்ததும் இருக்க வேண்டிய எடையை அவர்கள் திருத்திக் குறிக்கலாம், நேரத்தைக் கூட்டி மெதுவாக எடுக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கிச் சிவந்து வலித்தால் அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். அப்போது சூடும் வேண்டாம், பிடித்துவிடவும் வேண்டாம். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.