இரண்டாவது கையெழுத்து

எதிரி யார் என்று தெரிந்துவிட்டது. அவனைத் தாக்க அது மட்டும் போதுமா? போதாது என்கின்றன நம் உடலின் டி செல்கள். செல்லுக்கு அறம் கிடையாது, தெரியும். ஆனாலும் அந்த ஏற்பாடு என்னை யோசிக்க வைக்கிறது.

டி செல்லின் மேற்பரப்பில் ஏற்பி என்றொரு புரதம் உண்டு. வேறொரு செல் ஏந்திக் காட்டும் புரதத் துணுக்கு அதில் கச்சிதமாகப் பொருந்தினால், அடையாளம் உறுதி. ஆனால் புதிய டி செல் அதை மட்டும் நம்பிக் கிளம்பாது. காட்டும் செல் பி7 என்ற இன்னொரு புரதத்தையும் நீட்ட வேண்டும். அதை டி செல்லின் சிடி28 பற்ற வேண்டும். கிருமியின் தடயத்தை உணர்ந்த செல்தான் பி7ஐ மிகுதியாக நீட்டும். முதல் சமிக்ஞை 'இது யார்' என்கிறது. இரண்டாவது, 'இங்கே ஆபத்து' என்கிறது. முதலாவது மட்டும் வந்தால், டி செல் பெரும்பாலும் மரத்துப்போய் நின்றுவிடும். நான் எழுதும் மென்பொருளிலும் இன்னொருவர் பார்த்து ஒப்புதல் தராமல் ஒரு வரிகூட உள்ளே போகாது. எரிச்சலான ஏற்பாடுதான்.

ஆபத்து என்ற கூச்சல் மட்டும் கேட்டால் என்ன ஆகும்? 2006 மார்ச்சில், லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில், ஆரோக்கியமான 6 தன்னார்வலர்களுக்கு டிஜிஎன்1412 என்ற மருந்தைச் செலுத்தினார்கள். முதல் சமிக்ஞை இல்லாமலே சிடி28ஐ முடுக்கிவிடும் மருந்து அது. குரங்குகளுக்குப் பாதுகாப்பாக இருந்த அளவில் 500இல் ஒரு பங்குதான் கொடுத்தார்கள். சில மணி நேரத்தில் ஆறு பேரின் உடலும் தன்னைத்தானே எரிக்கத் தொடங்கியது. எல்லோரும் பிழைத்தார்கள், ஒருவர் கால்விரல்களை இழந்தார்.

சரி, இரண்டு கையெழுத்தும் விழுந்தாச்சு, போர் தொடங்கியாச்சு. நிறுத்துவது யார்? தூண்டப்பட்ட டி செல்லே சிடிஎல்ஏ-4 என்ற புரதத்தை வெளியே கொண்டுவருகிறது. அது சிடி28ஐவிட இறுக்கமாக பி7ஐப் பற்றிக்கொள்ளும் தடைக்கட்டை. அந்த மரபணு நீக்கப்பட்ட எலிகள் பிறந்த சில வாரங்களிலேயே இறந்தன. கோபம் தன் கடிவாளத்தையும் சேர்த்தே பெறுகிறது.

இத்தோடு நிறுத்தினால் பொறுமைக்கு ஒரு பாராட்டுரை கிடைத்துவிடும். ஆனால் புற்றுநோய் குறுக்கே வருகிறது. டி செல்லில் பிடி-1 என்ற வேறொரு தடையும் உண்டு. பல புற்றுச் செல்கள் அதை அழுத்தும் புரதத்தைத் தாங்களே போர்த்திக்கொள்கின்றன. காவலன் எதிரே வந்து நிற்கிறான், கை எழவில்லை. இந்தத் தடைகளை விலக்கும் வழிக்காக ஜேம்ஸ் ஆலிசனும் தாசுகு ஹோன்ஜோவும் 2018இல் நோபல் பெற்றார்கள். முற்றிய தோல் புற்றோடு வந்தவர்களில் சிலர் இன்று பல ஆண்டுகள் வாழ்கிறார்கள். விலையும் உண்டு: சிலருக்கு, விடுபட்ட டி செல்கள் சொந்தக் குடலையும் தைராய்டையும் தாக்குகின்றன.

ஆக, அடக்கம் நல்லதா கெட்டதா என்பது பாதிக் கேள்விதான். 'கொஞ்சம் பொறுமையா இருப்பா' என்று யாராவது சொன்னால் நான் இப்போது கேட்டுக்கொள்வது மீதிப் பாதியை: இந்தத் தடையை அழுத்துவது யார்? என் கோபத்தில் அநியாயமாகக் காயப்படப் போகிறவரா, என் பொறுமையைத் தின்று வளர்கிறவரா? இருவரும் ஒரே புரதத்தைத்தான் நீட்டுகிறார்கள். தொட்டுப் பார்த்து வித்தியாசம் சொல்ல டி செல்லுக்குத் தெரியாது. நமக்குத் தெரிந்தாக வேண்டும்.